பேச்சியம்மாள் அண்ட் பார்ட்டி

1

இந்தத் தையோடு நான் பூனாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். கல்யாணமான ஒன்பதாம் நாள் ரயில் ஏறினேன். வருஷா வருஷம் அந்த நாள் வரும்போது, எப்படியோ இந்த வருஷமும் ஒன்றும் ஆகாமல் தப்பித்துவிட்டோம் என்று விளக்கேற்றிக் கும்பிடுவேன். எதிலிருந்து தப்பித்தோம் என்று வீட்டுக்காரர் கேட்பார். அது தெரிந்தால் பயமே இருக்காதே.

இந்தத் தடவை விளக்கின் முன்னால் நின்றால் சிரிப்பு வருகிறது. காரணம், போன ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்து. ஊரில் இருக்கும் உங்களிடம் அதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எட்டாவதோடு படிப்பை விட்டவள் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் கீர்த்தி இதை வாசிக்க மாட்டாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்து தெரியாது. அது எனக்கு ஒரு குறைதான். ஆனால் அந்தத் தைரியத்தில்தான் அவளைப் பற்றியே எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது தாபோடியில். வீட்டுக்காரர் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் காலையில் ஒரு கான்டீனுக்குச் சப்பாத்தி உருட்டப் போகிறேன். சங்கரன்கோவில்காரியின் கை இப்போது தூக்கத்தில்கூட வட்டமாகச் சுற்றுகிறது. கீர்த்தி ஒரே பிள்ளை. பி.காம் கடைசி வருஷம்.

அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங். நம் பக்கம் இழுப்பு என்போமே, அது. இந்த ஊர்க் குளிரும் தூசியும் நேராக அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் மூச்சைக் கேட்டே நான் சொல்லிவிடுவேன்: இது சளி, இது மாடிப்படி ஏறி வந்தது, இது வேறே. குக்கர் கத்தினாலும் அடுத்த அறையில் அவள் மூச்சு எனக்குக் கேட்கும். என் பையில் வீட்டுச் சாவி இல்லாமல் இருந்திருக்கிறது. இன்ஹேலர் இல்லாமல் இருந்ததில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாட்டு வந்தது. பத்தாம் வகுப்பில், பள்ளி விழா மேடையில் பாடினாள். நடுவில் ஒரு இருமல். ஒன்றே ஒன்றுதான். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் அடுத்த நிமிஷம் மேடைப் படியில் நிற்கிறேன், கையில் இன்ஹேலர். "கீர்த்தி, ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் பாடும்மா!" என்று கத்தியிருக்கிறேன். அது மைக்கில் விழுந்து பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கும் புரிந்துவிட்டது, அப்படிச் சிரித்தார்கள். கீர்த்தி பாட்டை முடிக்காமலே இறங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து நான் இருக்கும் இடத்தில் அவள் பாடியதே இல்லை. ஐந்து வருஷம். காலேஜில் பாடுகிறாளாம். சாயலி என்ற தோழி கிடார் வாசிக்க, ஓம்கார் என்ற பையன் மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து அதையே தட்ட, ஒரு குழுவாகப் பாடுகிறார்களாம். எல்லாம் 'ளாம்', 'களாம்'தான். எனக்குக் கிடைத்தது குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றால் வரும் பாட்டு. நான் நிற்பது தெரிந்துவிட்டால் அப்புறம் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம்தான்.

3

வானவடியில் ஒரு மைதானத்தில், அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து ஒருநாள் முழுக்க இசை விழா நடத்துகிறார்கள். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். கீர்த்தி முந்தின நாள் சொன்னாள்.

"கிடைச்சா நாங்களும் பாடுவோம். நீ வேணும்னா வா. ஆனா மூணு கண்டிஷன். முன்னால உக்காரக் கூடாது. என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட வந்து சாப்ட்டியா, சாப்ட்டியான்னு கேக்கக் கூடாது. இன்ஹேலரைத் தூக்கிட்டு ஸ்டேஜ் பக்கம் வரவே கூடாது."

"என் பையில இருக்கலாமா?"

"பையில இருக்கலாம். பை உன் மடியில இருக்கணும்."

அவள் கூப்பிட்டாளே என்று எனக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் கவலை அடங்குமா? இலவசம் என்றால் கூட்டம் அள்ளும். கூட்டம் அள்ளினால் கேட்டைச் சாத்துவான். சாத்தினால் ஐந்து வருஷம் கழித்துக் கிடைத்தது போச்சு. அதனால் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, வீட்டுக்காரருக்குக் குரங்குக் குல்லா மாட்டி, ஸ்கூட்டரில் ஏழரைக்கே போய் நின்றோம்.

மைதானத்தில் ஆளே இல்லை. நாலு பேர் மேடையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டும் இல்லை, சாத்துவதற்கு. ஒரு ஓரத்தில் நீலத் தொப்பி போட்ட மராத்தி அம்மா ஒருத்தர், அறுபது வயசிருக்கும், மேஜை போட்டு ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

நோட்டைப் பார்த்ததும் என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"ஏளா, சும்மா இரி," என்றார் வீட்டுக்காரர். "ஓசிக் கச்சேரிக்கு என்னத்துக்குப் பேர்?"

"நீங்க பேசாம வாங்க. பொறவு பேர் இல்லன்னு வெளிய நிப்பாட்டுனா?"

4

இதை நீங்கள் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

எட்டாவது படிக்கையில் அம்மா ஒரு மாசம் படுக்கையில் கிடந்தாள். தம்பியைப் பார்க்க ஆளில்லை, நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா எழுந்து உட்கார்ந்த அன்று பையைத் தூக்கிக்கொண்டு போனேன். டீச்சர் பேர் கூப்பிட்டார்கள். பவானிக்கு அப்புறம் நான். பவானி என்றார்கள், அடுத்தது மகேஸ்வரி என்றார்கள். எழுந்து நின்றேன். "உன் பேரை வெட்டியாச்சேம்மா, அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார்கள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான். அப்பா வரவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு.

அப்புறம் இங்கே வந்து பார்த்தால், இந்த ஊரே ரிஜிஸ்டரில் ஓடுகிறது. ரேஷன் ஆபீஸில் ஒரு முறை மூன்று மணி நேரம் வரிசையில் நின்று ஜன்னலை எட்டிவிட்டேன். நோட்டில் பேர் எழுதினாயா என்றான். எந்த நோட்டு? காலையில் வாசலில் ஸ்டூல் மேலே இருந்ததாம். உத்யா, உத்யா என்று கையை ஆட்டிவிட்டான். நாளைக்கு வா என்று அர்த்தம்.

அன்றைக்கு முடிவு செய்தேன். எங்கே மேஜையும் நோட்டும் கண்டாலும், எதற்கு என்றுகூடக் கேட்க வேண்டியதில்லை, முதலில் பேரைக் கொடுத்துவிட வேண்டும். ரத்ததான முகாமில் அப்படிக் கொடுத்து ரத்தமும் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எனக்குத் தெரிந்தது காய்கறி மராத்தி. அதற்கு மேலே யாராவது பேசினால் 'ஹோ' என்பேன். ஹோ என்றால் ஆமாம். ஆமாம் என்றவளை யாரும் திட்டுவதில்லை.

நீலத் தொப்பி அம்மாவை இங்கே வழக்கப்படி 'தாயி' என்றேன். அக்கா என்று அர்த்தம். பேர் கேட்டார். கொடுத்தேன். எழுத்துக் கூட்டி எழுதினார். எத்தனை பேர் என்றார். நாங்கள் கீர்த்தியோடு மூன்று. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஆளைக் கூட்டி நாலு என்றேன். அப்புறம் புத்தக மராத்தியில் நீளமாக என்னவோ கேட்டார். "ஹோ" என்றேன். இன்னொன்று கேட்டார். "ஹோ, ஹோ." முகமெல்லாம் சிரிப்பாகி, எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒன்று என்று நம்பர் போட்ட சீட்டு ஒன்றையும் கொடுத்தார்.

"பாத்தீங்களா?" என்றேன் வீட்டுக்காரரிடம். "பாட்டுக் கேக்க வந்தவளுக்கு இந்த ஊர்ல எவ்வளவு மரியாதை."

5

கண்டிஷன்படி கடைசியில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் போர்வையை விரித்தோம். ஒன்பதுக்குக் கூட்டம் சேர்ந்தது. ஒரே நிறத்துப் புடவையில் பெண்கள் பஜனை பாடினார்கள். நகரப் பேருந்து ஓட்டும் ஒருவர் காக்கிச் சட்டையோடு வந்து புல்லாங்குழல் வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன்னால் குழந்தைகள் ஆடி ஆடிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தன. நான் பாட்டைக் கேட்கவில்லை, புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரை இருக்கும். அப்போதுதான் வந்து சேர்ந்த கீர்த்தியும் சாயலியும் ஓம்காரும் அந்த மேஜைக்கு ஓடினார்கள். தாயி நோட்டைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். சாயலி என்னவோ கெஞ்சினாள். கீர்த்தி திரும்பி நின்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். எழுந்துபோகக் கண்டிஷன் இடம் கொடுக்கவில்லை. வடாபாவ் வாங்கக் கிளம்பிய வீட்டுக்காரரை அந்தப் பக்கமாகப் போய் விசாரித்துவிட்டு வரச் சொன்னேன்.

வாயில் வடாபாவோடு வந்தார்.

"மத்தியானம் பொதுஜனம் பாடுறதுக்குன்னு பத்து இடம் விட்டிருக்காங்க. காலைல முதல்ல வந்து பேர் கொடுக்கிற பத்துப் பேருக்கு. நம்ம பிள்ளைங்க பதினொண்ணாவதாம். ஒண்ணுல போச்சு."

"ஒண்ணுலயா?"

"ஒண்ணேல ஒண்ணு. இனிமே பரீட்சை, வேலைன்னு ஆளுக்கு ஒரு பக்கம் போயிருவாங்களாம். சேந்து பாடுறது இதான் கடைசின்னு அந்தப் பையன் சொல்லுதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். "எந்தப் பாவி மட்டை விடியுமுன்னே வந்து பேரைக் கொடுத்தாளோ. பாடத் தெரியுமோ தெரியாதோ. நல்லாயிருப்பாளா அவ" என்று பொரிந்துகொண்டே தட்டில் எலுமிச்சை சாதம் வைத்தேன்.

மேடையில் ஒருவர் மத்தியானம் பாடப்போகிறவர்களின் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தார். முதல் பேர்.

"பே... பேச்சி... பேச்சியம்மால் அண்ட் பார்ட்டி!"

வீட்டுக்காரருக்கு வடாபாவ் புரையேறிவிட்டது. நான் அவர் தலையைத் தட்டவில்லை. தட்டுகிற நிலையில் நான் இல்லை.

மைதானத்தின் அந்தக் கோடியில் கீர்த்தி எழுந்து நின்றாள். பூனாவில் எத்தனை பேச்சியம்மாள் இருக்க முடியும்? கையைக் கண்ணுக்கு மேலே வைத்து மரம் மரமாகத் தேடினாள். கண்டுபிடித்தாள். புழுதிக்கு நடுவே நேராக நடந்து வந்தாள். அவள் மூச்சு இரைக்கிறதா என்றுதான் அப்போதும் பார்த்தேன்.

"அம்மா. நீ பாடப் போறியா?"

"இல்லம்மா... நான்... நோட்டு இருந்தது..."

"நோட்டு இருந்தா?"

"பேர் கொடுத்தேன்."

"எதுக்குன்னு கேட்டியா?"

வீட்டுக்காரர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "உங்கம்மா கேக்கிறவளா? ஹோன்னுருப்பா" என்றார்.

கீர்த்தி என் எதிரே போர்வையில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "எப்பவும் உன் பயத்துக்கு நாந்தான்மா ஃபைன் கட்டணும்" என்று மட்டும் சொன்னாள். மெதுவாகத்தான். எனக்கு அந்தப் பழைய மேடைப்படி ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்.

6

சீட்டை எடுத்துக்கொண்டு தாயியிடம் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நோட்டிலிருந்து என் பேரை வெட்டச் சொல்லிக் கேட்கப் போகிறேன். தெரிந்த மராத்தியையும் ஹிந்தியையும் பிசைந்து சொன்னேன். தப்பு என்னுடையது, என் பேரை வெட்டி என் மகள் பேரை எழுதுங்கள்.

தாயி தலையை ஆட்டினார். வெட்டினால் அந்த இடமே போய்விடுமாம். ஏற்கெனவே நிகழ்ச்சி பின்தங்கி ஓடுகிறது, மேடையை நடத்துகிறவர்கள் அந்த நிமிஷங்களை மிச்சம் பிடிக்கக் காத்திருக்கிறார்கள். பேர் மாற்ற ஆரம்பித்தால் காத்திருக்கும் மற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

எனக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் கீர்த்தி நின்றாள், அவளுக்குப் பின்னால் சாயலியும் ஓம்காரும். தாயி என் முகத்தைப் பார்த்தார். நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். விரலை ஓட்டினார்.

"இதில் நாலு பேர் என்று இருக்கிறது," என்றார், இந்தத் தடவை எனக்குப் புரிகிற ஹிந்தியில். "நீங்கள் மேடையில் இருக்க வேண்டும். அதுதான் விதி. கூட வருகிற மூன்று பேர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை."

ஓம்கார் விரல் விட்டு எண்ணினான். "நாங்க மூணு. காகூ நாலு!" காகூ என்றால் சித்தி. பயத்தில் கூட்டிச் சொன்ன அந்த ஒரு ஆள் இப்படி உதவும் என்று யார் கண்டது.

நான் கீர்த்தியைப் பார்த்தேன். மேடைப் பக்கம் வரவே கூடாது என்றவள். மைக் முன்னால் என்னை நிறுத்திவைத்துக்கொண்டு பாட வேண்டும் என்றால், அதைவிடப் பாடாமலே போகலாம் என்று நினைத்தாலும் நினைப்பாள். நகத்தைக் கடித்தாள்.

"எனக்குப் பின்னால நில்லு," என்றாள். "கை தட்டாத. ஆடாத. எதுவும் பண்ணாத. என்ன ஆனாலும் நகரக் கூடாது. நகர மாட்டல்ல?"

"ஹோ" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

மத்தியானம் வரை எங்கள் போர்வையிலேயே உட்கார்ந்து நாலு பேருக்குக் கட்டிய எலுமிச்சை சாதத்தை ஐந்து பேர் சாப்பிட்டோம். நான் யாரையும் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை, கண்ணெதிரேதான் சாப்பிட்டார்களே. மேடை முன்னால் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கலாமா என்று மட்டும் கேட்டேன்.

"கரண்ட் ஒயர் இருக்கு காகூ," என்றாள் சாயலி. "பாடாமலே போயிருவோம்."

7

பேர் கூப்பிட்டார்கள். நாலு படி. ஏறிய பிறகுதான் தெரிகிறது, பையைக் கீழே வைக்காமல் நெஞ்சோடு அணைத்தபடி ஏறிவிட்டேன். தூரத்தில் மரத்தடியில் குரங்குக் குல்லா எழுந்து நின்று கையை ஆட்டியது.

கீர்த்தி ஆரம்பித்தாள்.

ஐந்து வருஷம் காத்திருந்த பாட்டு. எனக்கு அது கேட்கவே இல்லை. ஸ்பீக்கரெல்லாம் ஜனங்களைப் பார்த்து நிற்கிறது. மேடையில், அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு ஓம்கார் பெட்டியைத் தட்டும் அதிர்வு காலில் ஏறுகிறது, கிடார் கேட்கிறது, பாட்டு மட்டும் எங்கோ போய் எங்கோ திரும்பி வருகிறது. அவர்களாகவே மராத்தியில் கட்டிய பாட்டாம், மழையில் வராத பஸ்ஸைப் பற்றி. மழை, பஸ் என்ற இரண்டு வார்த்தை பிடிபட்டது.

பாட்டுக்குப் பதிலாக எனக்குக் கேட்டது அவள் மூச்சு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் இழுக்கும் மூச்சு. அது எனக்குத் தெரிந்த மூச்சு. இரண்டாவது சரணத்தில் முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து குதித்தன. புழுதி மேடைக்கு ஏறியது. அடுத்த மூச்சில் ஒரு நூல் அளவு விசில். அதற்கடுத்ததில் இரண்டு நூல். கீழே இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

கை தானாகப் பைக்குள் போய்விட்டது. இன்ஹேலரைப் பிடித்துவிட்டேன். கால் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. நகர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒரு வரி. அவள் தோள் மேலே ஏறுகிறது, இறங்குகிறது. சங்கரநாராயணரே, இந்தக் காலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்றேன்.

வரி முடிந்து கிடார் மட்டும் தனியாகப் போயிற்று. கீர்த்தி திரும்பவில்லை. மைக்கைப் பிடித்த கை அப்படியே இருக்க, இன்னொரு கையைப் பின்பக்கம் நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி.

நன்றாகக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். மூன்று தரம் குலுக்கினேன். கொடுத்தேன். ஆயிரம் பேருக்கு முன்னால் மைக்கிலிருந்து முகத்தைக் கொஞ்சம் திருப்பி, ஒரு இழுப்பு, நெஞ்சில் நிறுத்தி, விட்டாள். பின்பக்கமாகவே திருப்பிக் கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது சரணத்துக்கு அவள் இழுத்த மூச்சில் நூல் இல்லை.

8

இறங்கி வந்ததும் வீட்டுக்காரரிடம் கேட்டேன், "நல்லாப் பாடுனாளா?"

"நீ பக்கத்துலதான நின்ன!"

"எனக்குக் கேக்கல."

அவர் குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாடுனா" என்றார்.

சாயலி வாட்ஸ்அப்பில் குழுவின் பேரை மாற்றிவிட்டதாகக் காட்டினாள். ஆங்கிலத்தில் என் பேர், அண்ட் பார்ட்டி. கீர்த்தி வேண்டாம் என்று அவள் தலையில் தட்டினாள், ஆனால் மாற்றவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் போக, "நீ என்கூட பஸ்ல வா" என்றாள் கீர்த்தி. ஸ்டேஷனில் மாறி தாபோடி பஸ்ஸில் இடம் கிடைத்தது. இயர்போன் ஒன்றை என் காதில் வைத்தாள், மற்றது அவள் காதில். ஓம்கார் தன் போனை மேடையில் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பதிவு செய்திருக்கிறான்.

அப்போதுதான் கேட்டேன் என் மகள் பாட்டை. அர்த்தம் அங்கங்கே அவளே சொன்னாள். பஸ் வராது, மழை நிற்காது, நடந்தே போகலாமா என்று கேட்கிறாளாம் அந்தப் பாட்டில் ஒருத்தி. எங்கள் பஸ் சிவாஜி நகர் நெரிசலில் நின்றுவிட்டது. நின்றது நல்லது என்று நான் நினைத்தது இருபத்திரண்டு வருஷத்தில் அது ஒரு தடவைதான்.

இரண்டாவது சரணம் முடிந்து கிடார் மட்டும் வந்தது. அதற்கு நடுவில் என்னவோ ஒரு சத்தம். கிளுக், கிளுக், கிளுக். உழக்கில் பயறு போட்டு ஆட்டுகிற மாதிரி.

"இது யாரு?" என்றேன். "புதுசா ஏதோ வாசிக்கிறாங்களே."

கீர்த்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, திரும்பாமலே சொன்னாள்.

"நீதாம்மா."